வளர்த்த பூனை இறந்துவிட்டதா? அடுத்து இரண்டு குட்டிகளை எடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை!

"பூனைதானே போச்சு, இன்னொன்னு புடிச்சிட்டு வந்தா சரியாயிடும்." பல வருஷம் வளர்த்த பூனை இறந்த வீட்டில், பெரும்பாலும் அடுத்த நாளே கேட்கும் வார்த்தை இது. சொல்பவர் ஆறுதலாகத்தான் சொல்கிறார். ஆனால் இந்த அவசரம், புதிதாக வரும் குட்டியின் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். எதனால்? எவ்வளவு நாள் காத்திருக்க வேண்டும்? ஒன்று எடுப்பதா, இரண்டு எடுப்பதா? விரிவாகப் பார்க்கலாம்.

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், ஆரோவில்லை ஒட்டி இருக்கிறது இடையஞ்சாவடி. இங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து வடக்கே மரக்காணம் உப்பளங்கள் வரை போனாலும், இந்த ஊர்களில் பூனையைப் பெரும்பாலும் யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை. பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டிருக்கும். இல்லையென்றால் முந்திரித் தோப்பு ஓரத்திலோ மீன் விற்கும் இடத்திலோ ஒரு குட்டி கத்திக்கொண்டிருக்கும். அட்டைப் பெட்டியில் போட்டு எடுத்து வந்துவிடுவோம். தடுப்பூசி அட்டை, மருத்துவப் பரிசோதனை எதுவும் இருக்காது. அதனால்தான் இந்த விவரங்கள் நகரத்து வீடுகளைவிட இங்கே அதிகம் தேவைப்படுகின்றன.

பூனைக்காக அழுவது ஓவரா?

இல்லை. ஊரும் உறவும் துக்கம் என்று ஒப்புக்கொள்ளாத இழப்புகளைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா 1989ஆம் ஆண்டிலேயே புத்தகம் வெளியிட்டார். வளர்ப்புப் பிராணியின் மரணமும் இந்த வகையில்தான் வருகிறது. வீட்டில் ஒருவர் இறந்தால் லீவு கிடைக்கும், நாலு பேர் வந்து உட்கார்ந்து பேசுவார்கள். பூனை இறந்தால் அன்றைக்கே வேலைக்குப் போக வேண்டும், யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். இழப்போடு சேர்ந்து இந்தக் கூச்சமும் மனதை அழுத்துகிறது.

இது வெளிநாட்டுப் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். 1948ஆம் ஆண்டு ஜூன் 18 அன்று இறந்த லட்சுமி என்ற பசுவுக்கு அங்கே சமாதி இருக்கிறது. அதன் பக்கத்திலேயே ஒரு மான், ஒரு காகம், ஜாக்கி என்ற நாய் ஆகியவற்றின் சமாதிகளும் உள்ளன. இடையஞ்சாவடிக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் வேண்டுமா? 1968இல் ஆரோவில்லைத் தொடங்கிய அன்னை, அதற்குப் பல ஆண்டுகள் முன்பு புதுச்சேரி ஆசிரமத்தில் பூனைகள் வளர்த்தவர். கிகி என்ற பூனையைத் தேள் கொட்டிய கதையைப் பிற்காலத்தில் மாணவர்களிடம் சொல்லியிருக்கிறார். பண்டைய எகிப்தில் வீட்டுப் பூனை இறந்தால் வீட்டில் உள்ளவர்கள் புருவத்தை மழித்துக்கொள்வார்கள் என்று கிரேக்க வரலாற்று ஆசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதி வைத்திருக்கிறார்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் ஒரு விஷயம் முக்கியம். "பூனை எங்கேயோ ஓடிப்போயிடுச்சு" என்று சொல்லாதீர்கள். திரும்பி வரும் என்று நம்பி வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இறந்துவிட்டது என்று எளிமையாகச் சொல்லிவிடுவதே நல்லது.

வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வேலையில் மனம் போகவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு அழைக்கலாம். இது மத்திய அரசின் இலவச மனநல ஆலோசனை சேவை. தமிழிலும் பேசலாம்.

முதல் கேள்வி: பழைய பூனை எப்படி இறந்தது?

புதுப் பூனை எடுக்க எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதற்கான பதில் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

வயதாகி இறந்தது, சிறுநீரகக் கோளாறு, வண்டி மோதியது என்றால் நோய்த்தொற்று பற்றிய பயம் இல்லை. எப்போது எடுப்பது என்பது உங்கள் மனதைப் பொறுத்தது.

எலி மருந்து தின்று இறந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், அந்த மருந்தும் அதைத் தின்ற எலியும் இன்னும் வீட்டைச் சுற்றிக் கிடக்கிறதா என்று முதலில் தேடி அப்புறப்படுத்துங்கள்.

வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல், தண்ணீர்க் கிண்ணத்தின் முன் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தும் குடிக்காமல் இருப்பது, ஓரிரு நாளில் மரணம். இப்படி இருந்தால் அது பான்லூக்கோபீனியாவாக இருக்கலாம். பூனைகளுக்கு வரும் பார்வோ வைரஸ் நோய் இது. மனிதர்களுக்குத் தொற்றாது. ஆனால் தடுப்பூசி போடாத குட்டிகளுக்கு இது எமன். இந்த வைரஸ் தரையிலும் துணியிலும் கிண்ணத்திலும் ஒரு வருஷம் வரைகூட உயிர்ப்போடு இருக்கும். துக்கத்தை மறக்க அடுத்த வாரமே கொண்டுவரும் குட்டி, அதே பாயில் படுத்து, அதே கிண்ணத்தில் சாப்பிட்டு, அதே நோயில் போய்விடக்கூடும். ஆரம்பத்தில் சொன்ன ஆபத்து இதுதான்.

கடைசி நாட்களில் பூனை திடீரென்று குணம் மாறி, காரணம் இல்லாமல் பாய்ந்து கடித்து, எச்சில் ஒழுக, தள்ளாடி இறந்ததா? அப்படியென்றால் புதுப் பூனை பற்றிய யோசனையை ஓரம் வைத்துவிடுங்கள். ரேபிஸ் நாயிடமிருந்து மட்டும் வருவதில்லை, பூனையிடமிருந்தும் வரும். கடியோ கீறலோ பட்டவர்கள், காயத்தில் எச்சில் பட்டவர்கள் எல்லோரும் அந்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு, உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். சில நாள் ஆகிவிட்டாலும் போக வேண்டும். அறிகுறி தெரிய ஆரம்பித்த பிறகு ரேபிஸைக் குணப்படுத்த வழி கிடையாது.

வீட்டை எப்படிச் சுத்தம் செய்வது?

பான்லூக்கோபீனியா சந்தேகம் இருந்தால் இந்த வரிசையில் செய்யுங்கள்.

• பழைய பூனையின் துணி, சாக்கு, அட்டைப் பெட்டி, மண் தொட்டி ஆகியவற்றைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம். அப்புறப்படுத்திவிடுங்கள்.

• தரையையும் கிண்ணத்தையும் முதலில் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவுங்கள். அழுக்கு இருந்தால் பிளீச் வேலை செய்யாது.

• பிறகு 1 லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 30 மில்லி திரவ பிளீச் கலந்து துடைத்து, 10 நிமிஷம் ஈரமாகவே விட்டு, நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிடுங்கள். பிளீச்சுடன் ஆசிட், வேறு கிளீனர் எதையும் கலக்கக்கூடாது.

• ஃபினைல் வேண்டாம். இந்த வைரஸுக்கு எதிராக அதை நம்ப முடியாது. அதோடு, துடைத்த தரையில் நடந்து பாதத்தை நக்கும் பூனைக்கு அது நஞ்சு.

மண் தரை, சாணம் மெழுகிய தரை, திறந்த தாழ்வாரம் உள்ள வீடுகளில் பிளீச் போட்டு முழுமையாகச் சுத்தம் செய்ய முடியாது. அந்த வீடுகளுக்கு வழி என்ன? சின்னக் குட்டியை எடுக்காமல், தடுப்பூசிகள் முழுவதும் போட்டு முடித்த, 4 மாதத்துக்கு மேற்பட்ட பூனைகளை எடுப்பதுதான்.

"அதே மாதிரி ஒன்னு வேணும்" - கிடைக்குமா?

பூனையைப் பறிகொடுத்த பலர் முதலில் தேடுவது அதே நிறத்தை. மூன்று நிறப் பூனை இறந்தால் மூன்று நிறக் குட்டி, செவலை இறந்தால் செவலை. இது எவ்வளவு தூரம் சரிப்படும் என்பதற்கு அறிவியலில் ஒரு சுவாரசியமான பதில் இருக்கிறது.

உலகின் முதல் குளோனிங் பூனை 2001ஆம் ஆண்டு டிசம்பர் 22 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. ரெயின்போ என்ற மூன்று நிறப் பூனையின் செல்லிலிருந்து உருவாக்கப்பட்டது. நகல் என்பதால் காப்பிகேட், சுருக்கமாக சிசி என்று பெயர் வைத்தார்கள். மரபணு அதேதான். ஆனால் பிறந்த குட்டியைப் பார்த்தால் ரெயின்போவின் செம்பழுப்பு நிறமே அதன்மேல் இல்லை! பெண் பூனையின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று அணைந்துவிடும். எந்த செல்லில் எது அணைகிறது என்பதைப் பொறுத்துத்தான் திட்டுத் திட்டாக நிறம் வருகிறது. சிசி தனக்கென ஒரு வாழ்க்கை வாழ்ந்து, குட்டிகளும் போட்டு, 18 வயதில் 2020இல் இறந்தது.

ஆய்வகத்திலேயே அதே பூனை திரும்பி வரவில்லை என்றால், பக்கத்து வீட்டுக் குட்டியிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமா? பழைய பூனை மடியில் படுத்திருக்கும், புதுசு கிட்டவே வராது. அது கூப்பிட்டதும் வரும், இது கட்டிலுக்கு அடியில் போய் ஒளியும். "அது மாதிரி இல்லையே" என்ற ஏமாற்றத்தில் ஒரு மாதத்திலேயே குட்டியைக் கொண்டுபோய் விடுபவர்களும் இருக்கிறார்கள். அதனால் நீங்கள் தயாரா என்று பார்க்க நாள் கணக்கு வேண்டாம். குட்டியை முன்னால் வைத்துக்கொண்டு பழைய பூனையோடு ஒப்பிடாமல் அதை அதுவாகவே பார்க்க முடிகிறதா? முடிந்தால் எடுக்கலாம். பழைய பெயரையே வைக்கத் தோன்றினால் இன்னும் கொஞ்ச நாள் பொறுப்பது நல்லது.

ஒன்று எடுக்காமல் இரண்டு ஏன்?

மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, குட்டிகள் கடிக்காமல் விளையாடுவதை ஒன்றிடமிருந்து ஒன்றுதான் கற்கின்றன. அழுத்திக் கடித்தால் மற்றது கத்தும், விளையாட்டு நின்றுவிடும். தனிக்குட்டிக்கு உங்கள் கையும் காலும்தான் விளையாட்டுப் பொருள்.

இரண்டாவது, பகல் முழுக்க எல்லோரும் வேலைக்குப் போகும் வீட்டில் தனிக்குட்டி சோர்ந்துபோகும், இல்லையென்றால் பொருளை உடைக்கும். இரண்டு இருந்தால் ஒன்றுக்கொன்று துணை.

மூன்றாவது காரணம் உங்களுக்கானது. ஒரே பூனை என்றால் இறந்த பூனையின் இடத்தில் அதை உட்கார வைத்துப் பார்க்கத் தோன்றும். இரண்டு என்றால் அப்படி ஒப்பிடுவது குறையும்.

ஆனால் உணவு, தடுப்பூசி, கருத்தடை என்று செலவும் இரட்டிப்பாகும். அது கட்டுப்படி ஆகாது என்றால் ஒன்றே போதும். ஓரளவு வயதான, அமைதியான ஒரு பூனை தனியாகவே நன்றாக இருக்கும்.

வீட்டில் ஏற்கெனவே இன்னொரு வயதான பூனை மிச்சம் இருக்கிறதா? துணைப் பூனையை இழந்த பூனைகள் சாப்பிடுவது, தூங்குவது, விளையாடுவது குறைந்ததாக உரிமையாளர்கள் சொன்னதை அமெரிக்காவின் ஓக்லண்ட் பல்கலைக்கழக ஆய்வு 2024இல் பதிவு செய்தது. அதற்குத் துணை வேண்டும் என்று உடனே இரண்டு துருதுரு குட்டிகளை இறக்கிவிட்டால் கிழப்பூனை மிரண்டுவிடும். அது பழையபடி சாப்பிட ஆரம்பிக்கட்டும்.

அண்ணன் தங்கையா? உஷார்!

ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகளை எடுப்பது நல்லதுதான். ஏற்கெனவே பழகியவை, சண்டை வராது. ஆனால் ஒன்று கடுவன், ஒன்று பெட்டை என்றால் கவனம். (ஆண் பூனையை இன்றும் கிராமங்களில் சொல்லும் 'கடுவன்', பூனைப் பிள்ளையைக் குறிக்கும் 'குட்டி' இரண்டுமே தொல்காப்பிய மரபியலில் இடம்பெற்ற பழைய சொற்கள். அங்கே 'கடுவன்' ஆண் குரங்கைக் குறிக்கிறது.)

"அண்ணன் தங்கச்சிதானே" என்ற உறவெல்லாம் பூனைக்குக் கிடையாது. பெட்டை 4 மாதத்திலேயே பருவத்துக்கு வரலாம். சினைக்காலம் சுமார் 2 மாதம். கருத்தடை செய்யாமல் விட்டால் ஒரு வருஷம் முடிவதற்குள் இரண்டு பூனை ஏழெட்டு ஆகிவிடும். பிறகு கோணிப்பையில் போட்டு மீன் மார்க்கெட்டில் விடுவதுதான் நடக்கிறது. பட்டினியால் வாடும் நிலையில் விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல்முறை குற்றத்துக்கு அந்தச் சட்டத்தில் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்தான் என்பது வேறு விஷயம்.

இரண்டுக்குமே 4 அல்லது 5 மாத வயதில் கருத்தடை செய்துவிடுங்கள். இடையஞ்சாவடி பக்கம் இருப்பவர்கள் அரசு கால்நடை மருந்தகத்தில் விசாரிக்கலாம். புதுச்சேரி குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது.

முதல் இரண்டு வாரம் என்ன செய்ய வேண்டும்?

• தாயிடமிருந்து 8 வாரத்துக்கு முன் குட்டியைப் பிரிக்காதீர்கள். கண் திறந்துவிட்டது என்பதெல்லாம் கணக்கில் வராது.

• இரண்டு குட்டிகளும் வெவ்வேறு வீட்டிலிருந்து வந்தால், முதல் 14 நாள் தனித்தனி அறையில் வையுங்கள். ஒன்றுக்கு நோய் இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். பிறகு துணிகளை மாற்றிப் போட்டு வாசனையைப் பழக்கி, கதவு இடுக்கு வழியாகப் பார்க்கவிட்டு, கடைசியாக நேரில் விடுங்கள்.

• பான்லூக்கோபீனியா உள்ளிட்ட மூன்று வைரஸ் நோய்களுக்கான தடுப்பூசியை 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 16 வார வயது ஆகும் வரை 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். ரேபிஸ் ஊசி சுமார் 12 வாரத்தில். குடற்புழு மருந்தை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் கொடுங்கள்.

• மண் தொட்டி பூனை எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும். இரண்டு பூனைக்கு மூன்று தொட்டி. கடையில் விற்கும் மண்தான் வேண்டும் என்பதில்லை, மணலோ மரத்தூளோ போதும். தினமும் அள்ளிவிடுங்கள். மலத்தில் வரும் டாக்ஸோபிளாஸ்மா கிருமி தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். கர்ப்பிணிகள் இந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

கடற்கரை ஊரில் சாப்பாடு: கருவாடு கொடுக்கலாமா?

மரக்காணம் கடற்கரையில் மீனுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பூனை என்றாலே மீன் மட்டும் என்பது தவறு.

உப்புக் கருவாட்டில் குட்டிக்கு ஆகாத அளவு உப்பு இருக்கும். அதைக் கொடுக்க வேண்டாம். சில பச்சை மீன்களில் உள்ள ஒரு நொதி வைட்டமின் பி1 சத்தை அழித்துவிடும். தொடர்ந்து பச்சை மீனே தின்னும் பூனைக்கு நடை தள்ளாடலாம், வலிப்புகூட வரலாம். உப்பு, காரம் சேர்க்காமல் வேகவைத்து, முள் எடுத்துவிட்டு, கோழியுடன் மாற்றி மாற்றிக் கொடுங்கள். டாரின் என்ற சத்து இல்லாவிட்டால் பூனைக்குக் கண்ணும் இதயமும் பாதிக்கும். அது இறைச்சியிலும் மீனிலும்தான் கிடைக்கும். பால் சோறு மட்டும் போட்டு வளர்த்தால் போதாது. நாய்க்கான உணவும் போதாது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றால் போகும்.

வீட்டில் உள்ள சில பொருட்கள் பூனைக்கு எமன். காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், கால் மாத்திரைகூட உயிரைப் பறிக்கும். நாய்க்குப் போடும் உண்ணி மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின், பீரோவில் போடும் அந்துருண்டை இரண்டுமே ஆபத்து.

சுருக்கமாக...

• பழைய பூனை இறந்த காரணத்தைத் தெரிந்துகொள்ளாமல் புதுக் குட்டியை வீட்டுக்குள் விடாதீர்கள்.

• தொற்றுநோய் சந்தேகம் இருந்தால் பிளீச் போட்டுச் சுத்தம் செய்யுங்கள். முடியாத வீடுகளில், தடுப்பூசி முடித்த பூனைகளை எடுங்கள்.

• அதே நிறம், அதே குணம், அதே பெயர் என்று தேட வேண்டாம்.

• இரண்டு எடுத்தால் இரண்டுக்கும் தடுப்பூசி, இரண்டுக்கும் கருத்தடை.

பழைய பூனையின் போட்டோவைச் சுவரில் மாட்டி வைப்பதில் தப்பே இல்லை. புதுசா வந்த இரண்டும் அந்த போட்டோவுக்குக் கீழேயே சண்டை போட்டு விளையாடும், அதையும் ரசிக்கலாம். அதற்கு முன், முதல் ஊசிக்கு என்றைக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று காலண்டரில் குறித்துவிடுங்கள்.